பொறிக்கு வைத்த அளவுகோல்: நிலைமின் சோதனை விதிகள் வளர்ந்த வரலாறு

முன்னாள் மாணவர் சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். "ஹாஸ்டல் நினைவுகளை எல்லாரும் எழுதுவாங்க. நீங்க உங்க தொழில் சம்பந்தமா எழுதுங்க. இப்போ படிக்கிற பிள்ளைகளுக்கும் உபயோகமா இருக்கும்" என்றார்கள். மின்னணுக் கருவிகளைச் சோதிப்பது என் தொழில். அதில் ஒரு பகுதியான நிலைமின் இறக்கச் சோதனையை, அதாவது தொழிலில் எல்லோரும் ஈ.எஸ்.டி. என்று சொல்லும் சோதனையை, இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

மரக்காணத்துக்காரன் நிலைமின்னைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கைதான். கடலும் உப்பளமும் கழுவெளியும் சூழ்ந்த ஊர் அது. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் "சுரீர்" என்று அடிக்கும் அனுபவம் அங்கே யாருக்கும் இருக்காது. குளிர் நாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் அதைச் சொன்னால் கதை கேட்பது போலக் கேட்பார்கள். "நம்ம பக்கம் இந்தத் தொல்லை கிடையாது. நமக்கு எதுக்கு இந்த டெஸ்ட்?" என்ற கேள்வியை என் தொழில் வாழ்க்கை முழுவதும் கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு விதியிலும் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் எங்கோ யாருக்கோ ஏற்பட்ட நஷ்டம் இருக்கிறது. அது தெரிந்தால்தான் எந்த எண் நமக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று நாமே சொல்ல முடியும்.

உப்பளம் சொல்லும் பாடம்

இரண்டு பொருள்கள் உரசிப் பிரிந்தால் ஒன்றில் நேர் மின்னூட்டமும் மற்றதில் எதிர் மின்னூட்டமும் தங்கும். இது பள்ளிப் பாடம். காற்றில் ஈரம் இருந்தால் பொருள்களின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் படியும். அதன் வழியே மின்னூட்டம் மெதுவாகக் கசிந்துவிடும். மரக்காணத்தில் அந்தப் படலத்தில் உப்பும் கலந்திருப்பதால் கசிவு இன்னும் சுலபம். இதே காரணத்தால்தான் கடலோர மின்கம்பங்களின் பீங்கான்கள் பனி இறங்கும் இரவுகளில் "ஸ்ஸ்" என்று இரைகின்றன. உடம்பிலிருக்கும் நிலைமின்னை இறக்கிவிடும் அதே ஈர உப்பு, மின்வாரியத்துக்குத் தலைவலி ஆகிறது.

1980-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நிலைமின் கட்டுப்பாடு குறித்து 263 என்ற எண்ணுள்ள கையேட்டை வெளியிட்டது. அதிலுள்ள ஓர் அட்டவணை இன்றும் ஈ.எஸ்.டி. பயிற்சி வகுப்புகளில் காட்டப்படுகிறது. கம்பளத்தின் மேல் ஒருவர் நடந்தால், காற்றின் ஒப்பு ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமாக இருக்கும்போது, அவர் உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம். ஈரப்பதம் 65 முதல் 90 சதவீதமானால் அது 1,500 வோல்ட்தான். வினைல் தரையில் நடந்தால் 12,000-க்குப் பதில் 250. வேலை மேசையில் சும்மா உட்கார்ந்து வேலை செய்தால் 6,000-க்குப் பதில் 100. மேசையிலிருந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்தால் 20,000-க்குப் பதில் 1,200.

பார்த்தவுடன், "நாமெல்லாம் அந்த இரண்டாவது வரிசைக்காரர்கள், நமக்குக் கவலை இல்லை" என்று தோன்றும். இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, சுமார் 3,000 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மனித உடம்புக்குப் பொறி அடிப்பதே தெரியாது. ஆனால் பல ஐ.சி.க்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே போதும். நமக்கு உறைக்கவில்லை என்பதால் ஐ.சி.க்கும் உறைக்கவில்லை என்று ஆகாது.

இரண்டாவதை நம் உப்பளமே சொல்லும். சோற்றுப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துத் தண்ணீராகக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே போனால்தான் பாத்தியில் உப்பு விளையும், வாரிக் குவிக்க முடியும். காற்று வருஷம் முழுக்க நனைந்தே இருந்தால் மரக்காணத்தில் உப்பளமே இருக்க முடியாது. கத்திரி வெயிலில் நிலத்திலிருந்து மேல்காற்று அடிக்கும்போது, கடற்காற்று வந்து சேரும்வரை, நம் கரையோரக் காற்றும் நன்றாகவே வறண்டுவிடுகிறது. உப்பு வாருகிறவர்களுக்கு அது நல்ல நாள். திறந்து வைத்த சர்க்யூட் போர்டுக்கு அவ்வளவு நல்ல நாள் அல்ல. ஏ.சி. போட்ட அறைக்குள் போய்விட்டாலோ வெளியே கடல் இருப்பதே காற்றுக்குத் தெரியாது.

நூறு பைக்கோஃபாரட் மனிதன்

நிலைமின் பொறியைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர்கள் மின்னணுக்காரர்கள் அல்ல. வெடிமருந்து கையாண்டவர்களும் சுரங்கங்களில் வேலை செய்தவர்களும்தான். எரிவாயு கலந்த காற்றில் ஒரு தொழிலாளியின் உடம்பிலிருந்து கிளம்பும் பொறி போதும், வெடிவிபத்து நேர்ந்துவிடும். அதை ஆராய வேண்டுமானால் ஆளையே நிறுத்திச் சோதிக்க முடியாது அல்லவா? மனித உடம்புக்குப் பதிலாக ஒரு மின்தேக்கியையும் ஒரு மின்தடையையும் வைக்கும் பழக்கம் அங்கிருந்துதான் வந்தது.

1960-களில் மாஸ் வகை டிரான்சிஸ்டர்கள் வந்தன. அவற்றின் கேட் முனைக்குக் கீழே ஓர் ஆக்சைடு ஏடு உண்டு. அதன் தடிமன் 100 நானோமீட்டர் என்றால் 100 வோல்ட் அளவிலேயே அது துளைபட்டுவிடும். தொழிற்சாலையில் நன்றாக இருந்த ஐ.சி., பெட்டியைத் திறந்து பொருத்தினால் வேலை செய்யாது. காரணம் புரியாமல் பலர் திண்டாடினார்கள். ராணுவத்துக்கும் விண்வெளித் துறைக்கும்தான் இது பெரிய அடி. ஒரு போர் விமானத்திலோ ராக்கெட்டிலோ எந்த ஐ.சி. அரை உயிராக இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

அமெரிக்க ராணுவத்தின் ஐ.சி. சோதனைத் தொகுப்பு மில்-ஸ்டாண்டர்டு 883. அது 1968-ல் வந்தது. 1970-களின் இறுதியில் அதில் 3015 என்ற முறை சேர்ந்தது. அதுதான் இன்றுவரை ஐ.சி. விவரக்குறிப்புகளில் காணும் மனித உடல் மாதிரியின் வேர். மாதிரி எளிது: 100 பைக்கோஃபாரட் மின்தேக்கி, 1,500 ஓம் மின்தடை. மின்தேக்கியை 2,000 வோல்ட்டுக்கு ஏற்றி, மின்தடை வழியாக ஐ.சி.யின் காலில் இறக்க வேண்டும். உச்ச மின்னோட்டம் 1.33 ஆம்பியர். மொத்த ஆற்றல் ஒரு மில்லிஜூலில் ஐந்தில் ஒரு பங்கு. உங்களுக்கும் எனக்கும் உடம்பு வேறு, செருப்பு வேறு, எடை வேறு. ஆனாலும் உலகம் முழுக்க ஐ.சி. செய்கிறவர்களும் வாங்குகிறவர்களும் பேசிக்கொள்ள ஒரு பொது மனிதன் தேவைப்பட்டான். அவன்தான் இந்த நூறு பைக்கோஃபாரட் மனிதன்.

1979-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் இதற்கென்றே முதல் கருத்தரங்கு கூடியது. 1982-ல் ஈ.எஸ்.டி. சங்கம் உருவானது. 3015-ன் ஏழாவது திருத்தம் 1989-ல் வந்தது. ஒரே ஐ.சி. ஒரு சோதனை இயந்திரத்தில் தேறி இன்னொன்றில் தோற்றுக்கொண்டிருந்தது. மின்தேக்கியும் மின்தடையும் சரியாக இருந்தால் போதாது, வெளிவரும் அலையின் வடிவத்தையே அளந்து பார்க்க வேண்டும் என்ற கண்டிப்பு இப்படித்தான் பிறந்தது.

இயந்திரம், பிறகு ஐ.சி. தானே

ஜப்பானியர்கள் வேறு பாதையில் வந்தார்கள். 200 பைக்கோஃபாரட் மின்தேக்கி, மின்தடை ஏறக்குறைய பூஜ்யம். மனித மாதிரியின் மிக மோசமான நிலையாகத்தான் இதை முதலில் நினைத்தார்கள். பின்னால், மின்னேறிய உலோகக் கருவி ஒன்று ஐ.சி.யைத் தொடுவது போல இருக்கிறது என்று இதற்கு "இயந்திர மாதிரி" என்ற பெயர் வந்தது. பல ஆண்டுகள் பல ஐ.சி. நிறுவனங்கள் இந்தச் சோதனையையும் செய்து வந்தன.

மூன்றாவது மாதிரிதான் என்னைப் பொறுத்தவரை மிக அழகானது. 1970-களிலும் 80-களிலும் ஐ.சி.க்களை நீளமான பிளாஸ்டிக் குழாய்களில் அடுக்கி அனுப்புவார்கள். குழாயைச் சாய்த்தால் ஐ.சி.க்கள் சரசரவென்று வழுக்கி வரும். அந்த உரசலில் ஐ.சி.யே மின்னேறிவிடும். கீழே ஓர் உலோகத் தட்டில் அதன் கால் பட்டதும், உள்ளிருந்து வெளியே பொறி கிளம்பும். இங்கே மனிதனும் இல்லை, இயந்திரமும் இல்லை. அடிபடுவதும் ஐ.சி., அடிப்பதும் ஐ.சி. இந்த வழியை 1974-ல் ஸ்பீக்மன் என்பவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக் காட்டினார். 1980-ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள் உரசலால் மின்னேறும் ஐ.சி.க்களைப் பற்றி விரிவாக எழுதினார்கள். தொழிற்சாலைகளில் ஆட்கள் குறைந்து இயந்திரக் கைகள் பெருகப் பெருக இந்த வகைச் சேதமே மேலோங்கியது. மின்னேறிய பொருள் மாதிரி என்ற பெயரில் ஜெடெக் அமைப்பின் விதி 1995-ல் வெளிவந்தது.

இதில் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விதிகள் பிறப்பது போல மறையவும் செய்கின்றன. மனித மாதிரி சொல்லாத புதிய செய்தி எதையும் இயந்திர மாதிரி சொல்லவில்லை என்று தெரிந்தபின், ஐ.சி.க்களைத் தேர்ச்சி பார்க்க அதைக் கைவிடும்படி 2010-களில் ஜெடெக் பரிந்துரைத்தது. தனித்தனியே விதி எழுதிவந்த ஜெடெக்கும் ஈ.எஸ்.டி. சங்கமும் 2010-ல் மனித மாதிரிக்கு ஒரே கூட்டு விதியை வெளியிட்டன. அடுத்து மின்னேறிய பொருள் மாதிரிக்கும் அப்படியே செய்தன.

துப்பாக்கி வந்த கதை

மேலே சொன்னவை எல்லாம் தனி ஐ.சி.க்கான சோதனைகள். ஐ.சி. போர்டில் ஏறி, போர்டு பெட்டிக்குள் போய், பெட்டி கடைக்கு வந்தபிறகு வேறு கேள்வி எழுகிறது. சாவியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் அந்தப் பெட்டியைத் தொட்டால் கருவி நின்றுபோகுமா, தவறாக ஓடுமா?

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி. 1984-ல் 801-2 என்ற விதியை வெளியிட்டது. துப்பாக்கி போன்ற கருவிக்குள் 150 பைக்கோஃபாரட், 150 ஓம். அதன் முனையை மெதுவாகப் பெட்டியின் அருகே கொண்டுபோனால் காற்றின் ஊடே பொறி பாயும். படிக்கச் சுலபம். செய்து பார்த்தால் காலையில் ஒரு விடை, மாலையில் ஒரு விடை. கையை வேகமாகக் கொண்டுபோனால் ஒரு மாதிரி, மெதுவாகப் போனால் வேறு மாதிரி. ஈரப்பதம் மாறினாலும் பொறி மாறும். போதாததற்கு, வேகமான அலைக்காட்டிகள் வந்தபின், உண்மையான பொறி ஒரு நானோ நொடிக்குள்ளாகவே உச்சத்துக்குப் போகிறது என்று தெரிந்தது. 1984-ன் விதி 5 நானோ நொடி என்று வைத்திருந்தது.

1991-ல் வந்த இரண்டாம் பதிப்பு இதையெல்லாம் மாற்றியது. முனையை முதலிலேயே உலோகத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, துப்பாக்கிக்குள் இருக்கும் ரிலே மூலம் பொறியை விடும் "தொடு இறக்கம்" முதன்மை முறையானது. உலோகம் வெளியே தெரியாத இடங்களுக்கு மட்டும் பழைய காற்று இறக்கம். மின்தடை 330 ஓம் ஆயிற்று. ஏறும் நேரம் 0.7 முதல் 1 நானோ நொடி. 8,000 வோல்ட் தொடு இறக்கத்தில் முதல் உச்சம் 30 ஆம்பியர். இந்த விதி 1995-ல் 1000-4-2 என்றும், பின்னர் 61000-4-2 என்றும் எண் மாறியது. 2008-ல் மறுபடி திருத்தப்பட்டது.

மாணவர்கள் ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். "ஐ.சி. 2,000 வோல்ட் தாங்கும் என்று போட்டிருக்கிறதே, அப்புறம் ஏன் 4,000 வோல்ட் துப்பாக்கியில் செத்துப்போகிறது? பாதியாவது தாங்க வேண்டாமா?" என்று இளம் பொறியாளர்கள் கேட்பார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். மனித மாதிரியில் 2,000 வோல்ட் என்பது 1.33 ஆம்பியர். துப்பாக்கியில் 4,000 வோல்ட் என்பது 15 ஆம்பியர். வோல்ட்டை மட்டும் பார்த்து ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

இந்தியாவுக்கு வந்தபோது

ஐரோப்பியக் கூட்டமைப்பின் மின்காந்த ஒத்திசைவு ஆணை 1996 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. ஐரோப்பாவுக்கு மின்னணுப் பொருள் ஏற்றுமதி செய்யும் நம் நாட்டுச் சிறு நிறுவனங்களும் துப்பாக்கிச் சோதனையைச் சந்தித்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.இ.சி.யின் விதியை ஐ.எஸ். 14700 என்ற தொகுப்பில் நான்காம் பாகம், இரண்டாம் பிரிவாக ஏற்றுக்கொண்டது. சென்னையில் இச்சோதனைகளுக்கு மத்திய அரசின் அமைப்புகள் இருக்கின்றன. தரமணியில் சமீர் ஆராய்ச்சி அமைப்பின் மின்காந்தவியல் மையம் ஒன்று. மின்னணுச் சோதனை மற்றும் மேம்பாட்டு மையம் இன்னொன்று. ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையத்திலும் மின்காந்த ஒத்திசைவு ஆய்வகம் இருக்கிறது. வாகனங்களுக்கு ஐ.எஸ்.ஓ. 10605 என்ற தனி விதி. அதில் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு 330 பைக்கோஃபாரட், வெளியே நின்று கை நீட்டுபவருக்கு 150. சோதனை 25,000 வோல்ட் வரை போகும்.

நிற்க. ஐ.இ.சி. விதியில் நம் கரையோரத்துக்கு நேரடியாக மோதும் ஒரு வரி உண்டு. காற்று இறக்கச் சோதனை நடக்கும் அறையில் ஒப்பு ஈரப்பதம் 30 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வெப்பம் 15 முதல் 35 டிகிரி. சென்னையிலோ மரக்காணத்திலோ ஜன்னலைத் திறந்து வைத்தால் வருடத்தின் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் நிற்க முடியாது. அறையை உலர்த்தித்தான் சோதனை செய்யவேண்டும். ஒரு மழைக்கால நாளில் ஒரு சிறு தொழிலதிபர் தன் கன்ட்ரோலருடன் வந்து காத்திருந்தார். ஈரமானி 68 காட்டியது. உலர்த்தி ஓடிக்கொண்டிருந்தது.

"சார், இது நாகப்பட்டினம் பக்கம் இறால் பண்ணைக்குப் போற பெட்டி. அங்க ஏது சார் கார்ப்பெட்டு? இருக்கிற காத்திலேயே டெஸ்ட் பண்ணிடுங்க" என்றார்.

"நாளைக்கு ஜெய்ப்பூர்லேர்ந்து ஆர்டர் வந்தா வேணாம்னு சொல்லுவீங்களா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டார். "அதெப்படி சார் சொல்லுவேன்!"

ஜனவரி மாதத்து டெல்லியின் ஹீட்டர் போட்ட அறையும் மே மாதத்து ராஜஸ்தானமும் அந்த அட்டவணையின் முதல் வரிசைக்கு அருகில் இருக்கின்றன. பொருள் எந்த ஊரில் செய்யப்படுகிறது என்பதற்காக எழுதப்பட்ட விதி அல்ல இது. எந்த ஊருக்கும் போகக்கூடும் என்பதற்காக எழுதப்பட்டது. அவருடைய பெட்டி, அறை 55-க்கு இறங்கியபின் சோதனைக்கு ஏறியது. டிஸ்பிளே ஓரத்தில் 6,000 வோல்ட்டில் ரீசெட் ஆயிற்று. ஒரு தரை இணைப்பை மாற்றி இரண்டு வாரத்தில் திரும்ப வந்து தேறினார். இறால் பண்ணையில் அது தெரியாமலே போயிருக்கலாம். ஜெய்ப்பூரில் தெரிந்திருக்கும்.

எண்ணைக் குறைத்த துணிச்சல்

தர விதி என்றால் காலம் போகப் போகக் கடுமையாகிக்கொண்டே போகும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே நேர்மாறாக ஒன்று நடந்தது. ஐ.சி.க்கள் மனித மாதிரியில் 2,000 வோல்ட் தாங்கவேண்டும் என்பது எழுதாத சட்டம் போல 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. அதற்குள் ஆக்சைடு ஏடு 100 நானோமீட்டரிலிருந்து 2 நானோமீட்டர் அளவுக்கு மெலிந்துவிட்டது. 2,000 வோல்ட் தாங்கப் பாதுகாப்புச் சுற்றுகளைப் பெரிதாக்கினால் ஐ.சி.யின் வேகம் குறையும்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் பணிபுரிந்த சார்வாகா துவ்வூரி, இன்ஃபினியன் நிறுவனத்தின் ஹரால்ட் காஸ்னர் ஆகியோர் முன்னின்று, பல நிறுவனங்கள் சேர்ந்த ஒரு குழுவை 2006-ல் அமைத்தார்கள். துவ்வூரி, அஜித் அமரசேகராவுடன் சேர்ந்து இத்துறையின் முக்கியப் பாடநூலை 1995-ல் எழுதியவர். குழு செய்தது சாதாரண வேலை. திரும்பி வந்த பழுதான ஐ.சி.க்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2,000 வோல்ட் தாங்கிய ஐ.சி.க்கும் 1,000 வோல்ட் தாங்கிய ஐ.சி.க்கும் பழுது விகிதத்தில் வேறுபாடே தெரியவில்லை. காரணம், தொழிற்சாலைகள் மாறிவிட்டன. கையில் ஸ்ட்ராப், காலில் ஹீல் ஸ்ட்ராப், மின்கசியும் தரை. 1999-ல் வந்த எஸ்.20.20 விதியின் வழியில் நடத்தப்படும் கூடத்தில் ஆளின் உடம்பில் 100 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடுவதில்லை. ஆகவே 2008-ல் மனித மாதிரிக்கு 1,000 வோல்ட் போதும் என்றும், 2009-ல் மின்னேறிய பொருள் மாதிரிக்கு 500-க்குப் பதில் 250 வோல்ட் போதும் என்றும் ஜெடெக் வழியே அறிக்கைகள் வந்தன.

இதன் பொருள் என்ன? ஐ.சி.யின் தோளிலிருந்து பாரத்தை இறக்கித் தொழிலாளியின் மணிக்கட்டில் ஏற்றினார்கள். இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் செல்போன் கூடங்களில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள், உள்ளே போகுமுன் ஒரு சோதனைப் பெட்டியின் மேல் ஏறி நின்று பச்சை விளக்கு எரிந்தபிறகே போகிறார்கள். அந்தப் பச்சை விளக்கை நம்பித்தான் உலகத்து ஐ.சி.க்களின் எண் குறைக்கப்பட்டது. மணிக்கட்டு ஸ்ட்ராப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "இங்க காத்து ஈரமாத்தானே இருக்கு" என்று சொல்கிற சூபர்வைசருக்கு இந்த வரலாறு தெரிய வேண்டும்.

மின்திருட்டு எழுதிய எண்

இதுவரை சொன்ன எண்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. ஒரு எண் மட்டும் நம் மண்ணிலேயே விளைந்தது.

வீட்டு மின்மீட்டரில் முன்பு ஒரு அலுமினியத் தட்டு சுழலும். அதற்கு நிலைமின் பொறியெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. 1990-களில் மின்னணு மீட்டர்கள் பரவத் தொடங்கின. 2003-ன் மின்சாரச் சட்டம் மீட்டர் இல்லாமல் மின்சாரம் வழங்கக்கூடாது என்றது. 2006-ல் மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறை, நுகர்வோர் மீட்டர்கள் மின்னணு வகையாகவே இருக்கவேண்டும் என்றது. மின்னணு மீட்டருக்கான ஐ.எஸ். 13779 விதியிலும் ஈ.எஸ்.டி. சோதனை உண்டு. 8,000 வோல்ட் தொடு இறக்கம், ஐ.இ.சி. சொன்னபடி.

அந்த 8,000 வோல்ட், சட்டையின் உரசலில் தற்செயலாக மின்னேறிய ஒரு நல்ல மனிதரை மனதில் வைத்து எழுதியது. நம் ஊரில் மீட்டரின் எதிரே நின்றவர் அப்படித் தற்செயலாக வந்தவர் அல்ல. கையில் உயர் மின்னழுத்தப் பொறி விடும் கருவியோடு வந்தார். மீட்டரின் மேல் பொறியை அடித்தால் மீட்டர் மயங்கி நிற்கும், அல்லது கணக்கை மறக்கும். மின்கட்டணம் மிச்சம்! பல மாநில மின்விநியோக நிறுவனங்கள் இதில் நஷ்டப்பட்டபின் தங்கள் டெண்டர்களில் புதிய நிபந்தனை சேர்த்தன: 35,000 வோல்ட் வரை பொறி அடித்தாலும் மீட்டர் கலங்கக்கூடாது. அதற்கு மேல் போனால் யாரோ கைவைத்ததை நாளும் நேரமும் போட்டுப் பதிவு செய்யவேண்டும். காந்தம் வைத்து ஏமாற்றுவது முதலான தந்திரங்களுக்கும் இதே போலச் சோதனைகள் வந்தன.

எண்ணைக் கவனியுங்கள். 1980-ன் அமெரிக்க அட்டவணையில் வறண்ட அறைக் கம்பளத்தின் மேல் நடப்பவருக்கும் 35,000. நம் டெண்டரிலும் 35,000. எண் ஒன்றே, காரணம் வேறு. முன்னது பருவநிலையின் எண். பின்னது மனித சுபாவத்தின் எண். மழை பெய்தாலும் கடற்காற்று அடித்தாலும் இரண்டாவது குறையாது. "நம்ம பக்கம் இந்தத் தொல்லை கிடையாது" என்பதற்கு இதைவிடப் பெரிய மறுப்பு எனக்குத் தெரியாது. மரக்காணத்தில் உப்புநீர் இறைக்கும் மோட்டாரின் மீட்டரும் ஜெய்ப்பூரில் ஒரு மாடி வீட்டின் மீட்டரும் இந்த விஷயத்தில் ஒரே நிலைமையில்தான் இருக்கின்றன.

அன்றிருந்த சர்வதேச விதியைப் படித்துவிட்டு "எட்டாயிரம் போதும்னு போட்டிருக்கே" என்று நம் பொறியாளர்கள் உட்கார்ந்திருந்தால் நஷ்டம் தொடர்ந்திருக்கும். எண் எதற்காக வந்தது என்று கேட்டதால்தான் நமக்கு அது போதாது என்று சொல்ல முடிந்தது. 2008-ல் எண்ணைக் குறைத்தவர்கள் செய்ததும் அதே வேலைதான். அவர்கள் கேட்டபோது எண் இறங்கியது, நம்மவர்கள் கேட்டபோது ஏறியது.

மாணவர்களுக்கு

தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு இந்தியாவிலேயே கட்டாயச் சோதனை வேண்டும் என்று 2017-ல் விதி வந்து, 2019 அக்டோபர் 1 முதல் கட்டம் கட்டமாக அமலாகிறது. அதில் மின்காந்த ஒத்திசைவும் அடக்கம். ஆகையால் இத்துறையில் வேலை பெருகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நேர்முகத் தேர்வில் "61000-4-2-ல் நான்காம் நிலை என்ன?" என்று கேட்டால், "தொடு இறக்கம் 8, காற்று இறக்கம் 15 கிலோவோல்ட்" என்று ஒப்பிக்கும் பிள்ளைகள், "ஏன் இரண்டுக்கும் வேறு வேறு எண்?" என்றால் விழிக்கிறார்கள். மேலே சொன்ன 1984, 1991 கதை தெரிந்தவருக்கு அந்தக் கேள்வி கஷ்டமே இல்லை.

நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். மின்னணுத் துறை ஆய்வகத்தில் மின்கசியும் விரிப்பு போட்ட ஒரு மேசையும், நான்கைந்து மணிக்கட்டு ஸ்ட்ராப்பும், சுவரில் ஓர் ஈரமானியும் இந்த ஆண்டே அமைத்துக் கொடுப்போம். பெரிய செலவு இல்லை. என் பங்கை நான் தந்துவிடுகிறேன். மாணவர்கள் தினமும் காலையிலும் பிற்பகலிலும் ஈரப்பதத்தைக் குறித்து வரட்டும். ஒரு வருடக் கணக்கு கையில் இருந்தால் நம் கல்லூரி அந்த அட்டவணையின் எந்த வரிசையில், எத்தனை நாள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அடுத்த சந்திப்பு மலரில் அந்தக் கணக்கை ஒரு மாணவரோ மாணவியோ கட்டுரையாக எழுதினால் மகிழ்ச்சியோடு படிப்பேன்.